அமல்ராணி அக்காவின் மழை

அமல்ராணி அக்காவுக்கு எங்கள் ஊர் ஆண்களை முகத்தைவிடக் காலை வைத்துத்தான் நன்றாகத் தெரியும். வேலி ஓரமாக யாராவது நடந்து போனால், கீழே தெரிகிற பாதத்தைப் பார்த்து, "அண்ணே, மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டியா?" என்று பெயர் சொல்லாமலே சரியான ஆளைக் கேட்பார்.

இதற்குக் காரணம் பாஸ்கா நாடகம். கோலியனூருக்குப் பக்கத்தில் இருக்கிற எங்கள் ஊரில், தவக்காலம் வந்தால் இயேசுவின் பாடுகளை நாடகமாகப் போடுவோம். 1993இல் அக்கா கல்யாணமாகி வந்தபோது பெண்கள் மேடை ஏறுகிற வழக்கம் இல்லை. மாதாவாகக்கூட, மீசையை எடுத்துவிட்டுச் சேலை கட்டிய ஓர் ஆண்தான் அழுவார். அந்த வருஷம் திரைக்குப் பின்னால் நின்று இடிச்சத்தம் போடுகிறவருக்கு அம்மை போட்டுவிட்டது. அக்காவின் வீட்டுக்காரர் இன்னாசிராஜ், "ஏன், எங்க வீட்டுல போடுவாங்க" என்று கூட்டத்தில் சொல்லிவிட்டு, வீட்டுக்கு வந்து பயந்துகொண்டே விஷயத்தைச் சொன்னாராம்.

அக்காவின் கையில் ஒரு தகரத்தைக் கொடுத்துத் திரைக்குப் பின்னால் நிறுத்தினார்கள். ஒலிபெருக்கிக் குழாய்கள் ஜனங்களைப் பார்த்து இருந்ததால், பின்னால் நிற்கிறவருக்கு வசனம் ஒன்றும் விளங்காது. வெறும் இரைச்சல்தான். திரைக்கும் தரைக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி இருந்தது. அதில் கால்கள் தெரிந்தன. அக்கா அந்தக் கால்களைப் பிடித்துக்கொண்டார். போர்ச்சேவகனின் வலது குதிகால் தூக்கினால் சாட்டையடி. பிலாத்து இரண்டு அடி பின்னால் போனால் இடி. இயேசுவைத் தெரியாது என்று பேதுரு மறுதலித்து முடித்து, அவர் கட்டைவிரல் தரையைக் கிளறினால் சேவல் கூவ வேண்டும்.

ஒரு வருஷம் பேதுருவாக நின்ற இருதயராஜ் அண்ணனை மேடையில் கொசு கடித்தது. அவர் ஒரு காலால் இன்னொரு காலைத் தேய்த்தார். உடனே சேவல் கூவிவிட்டது. அண்ணன் பயந்துபோய் மைக்கிலேயே, "நான் இன்னும் மறுதலிக்கவே இல்லியே" என்றார். பங்குச் சாமியார் முதல் வரிசையில் உட்கார்ந்து கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டார்.

அக்கா புதுச் சத்தங்களைத் தேடிக்கொண்டே இருப்பார். திண்டிவனத்தில் மல்லாட்டை மில்லுக்கு வேர்க்கடலைத் தோல் உரிக்கப் போய்க்கொண்டிருந்த காலத்தில், காலில் மிதிபட்ட காய்ந்த தோல், தீ பிடித்து எரிகிற மாதிரி படபடத்தது. அன்றைக்கு ஒரு பை நிறையத் தோலோடு வீட்டுக்கு வந்தார். குளம்படிக்கு இரண்டு கொட்டாங்குச்சி. மழைக்குக் கேப்பை, அதாவது கேழ்வரகு. முறத்தில் இரண்டு பிடி கேப்பையைப் போட்டு மெல்லச் சாய்த்தால் தூறல், சுழற்றினால் அடைமழை. இப்படி இருபத்திரண்டு வருஷம் ஓடியது. ஆனால் நாடகம் பார்க்க வந்தவர்களில் பாதிப் பேருக்குமேல் அது கேசட் என்றுதான் நினைத்திருந்தார்கள்.

2016இல் அக்கா மயிலம் பக்கத்துக் கல்லூரி ஒன்றின் கேன்டீனில் சமையலுக்கு இருந்தார். நான் அதே கல்லூரியில் கூட்டிப் பெருக்குகிறேன். இரண்டு பேருக்கும் ஒரே பஸ். அந்த வருஷம் கல்லூரியில் எல்லாரும் பாட்காஸ்ட் பாட்காஸ்ட் என்று பேசிக்கொண்டார்கள். ரேடியோ நிகழ்ச்சி மாதிரிதான், ஆனால் கல்லூரி சேர்ந்திருந்த பல்கலைக்கழகத்தின் இணையதளத்தில் ஏற்றிவைத்துவிடுவார்கள். யாரும் எப்போது வேண்டுமானாலும் போனில் கேட்கலாம். இயற்பியல் சொல்லித்தரும் கலையரசி மேடம்தான் பொறுப்பு. பெயர் 'டூப்பா நிஜமா'. சினிமாவிலும் டிவி தொடரிலும் வருகிற ஏதாவது ஒன்றை எடுத்துக்கொண்டு, அதில் அறிவியல் என்ன, சமூகம் என்ன என்று அலசுவார்கள். கதாநாயகன் அடித்தால் ஆள் எத்தனை அடி பறக்க முடியும், படத்தில் ஏழை அம்மா மட்டும் ஏன் இருமி இருமிச் சாகிறாள் என்றெல்லாம். பெருக்குகிற சாக்கில் நானும் கதவோரம் நின்று கேட்டிருக்கிறேன். இருமல் பகுதியைக் கேட்டபோது துடைப்பத்தை விட்டுவிட்டுச் சிரித்தேன்.

அடுத்த பகுதி, சினிமாவில் சத்தம் எப்படி வருகிறது என்பது. கடைசி வருஷம் படிக்கிற சித்தார்த்தனும் கிளாராவும் கேன்டீனில் டீயை வைத்துக்கொண்டு வாக்குவாதம் பண்ணிக்கொண்டிருந்தார்கள்.

"எல்லாச் சத்தமும் கம்ப்யூட்டர்ல ரெடியா இருக்கு. அதப் போட்டா முடிஞ்சிது" என்றாள் கிளாரா.

"கம்ப்யூட்டர்ல இருக்கறத கேக்கறதுக்கு நம்ம நிகழ்ச்சி எதுக்கு? எவனும் கேக்க மாட்டான்" என்றான் சித்தார்த்தன்.

மேசை துடைத்துக்கொண்டிருந்த அக்கா நிமிராமலே, "இன்னா சத்தம் வேணும் தம்பி?" என்றார்.

"மழைக்கா."

"சும்மா தூறலா, புடிச்சி ஊத்தறதா?"

அவர்கள் பதில் சொல்வதற்குள் சமையலறையிலிருந்து முறமும் கேப்பையும் வந்துவிட்டன. அக்கா கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னார். முறம் சாய்ந்தது. கிளாரா கண்ணை மூடியபடியே மேசைமேல் இருந்த நோட்டை எடுத்து மடிக்குள் வைத்துக்கொண்டாள். சித்தார்த்தன் எழுந்தே நின்றுவிட்டான். டீ டம்ளர் கவிழ்ந்ததை இரண்டு பேரும் பார்க்கவில்லை.

அன்று மாலையே கலையரசி மேடம் கேன்டீனுக்கு வந்தார். புதன்கிழமை பதிவு செய்யலாம், ஆனால் ஒரு நிபந்தனை என்றார். சித்தார்த்தன் ஒரு சின்னக் கதையைப் படிப்பான், அக்கா கூடவே சத்தம் கொடுக்க வேண்டும், நடுவில் வெட்டி ஒட்டக் கூடாது. "வெட்டி ஒட்டினா அப்புறம் உங்களுக்கும் கம்ப்யூட்டருக்கும் வித்தியாசம் இல்லைங்க. ஆனா மூணு மணிக்கு அந்த ரூமைத் தேர்வுத்தாள் கட்டு வைக்க ஒப்படைக்கணும். அதுக்குள்ள வரலைன்னா கம்ப்யூட்டர் சத்தத்தைத்தான் போடணும். வெள்ளிக்கிழமை ஏத்தியே ஆகணும்."

பஸ்ஸில் அக்கா சொன்னார்: "ஊர்ல கேசட்டுன்னு நெனச்சிக்கினு இருக்காங்க புள்ள. நாமளே போய் நான்தான்னு சொன்னா நல்லாவா இருக்கும்? வேற யாராச்சும் ஒருவாட்டி பேரச் சொல்லிட்டாப் போதும்."

புதன்கிழமை காலை தகரத்தைச் சுருட்டிக் கயிறு கட்டி பஸ்ஸில் ஏற்றினோம். கண்டக்டர் மறித்தார்.

"இன்னாம்மா, கூரையப் பிரிச்சி எடுத்துக்கினு போறியா? லக்கேஜ் போடணும்."

"இது லக்கேஜ் இல்லண்ணே, இடி."

"இடிக்கு அரை டிக்கெட்டா, முழு டிக்கெட்டா?"

"ஒருவாட்டி இடிச்சிக் காட்டறேன், நீயே சொல்லு" என்று அக்கா கயிற்றில் கை வைத்தார். கண்டக்டர், "ஐயோ வாணாம், டிரைவர் பயந்துடுவாரு, உள்ள போ" என்றார். பஸ்ஸே சிரித்தது.

பதிவறை என்பது ஆய்வகத்துக்குப் பக்கத்தில் இருந்த பழைய சாமான் அறை. சுவர் முழுக்க முட்டை அட்டை ஒட்டியிருந்தார்கள். சித்தார்த்தன் ஒரு மேசைக்குப் பின்னால் உட்கார்ந்தான். எதிரொலி அடிக்காமல் இருக்க அந்த மேசைமேல் தரை வரைக்கும் தொங்குகிற கனத்த போர்வையைப் போட்டிருந்தார்கள். அக்காவுக்கு எதிர்ப்பக்கம் தனி மைக். கிளாரா காதில் ஹெட்போனோடு லேப்டாப் முன்னால். நான் மூலையில், கேப்பைப் பையைப் பிடித்துக்கொண்டு.

கதை, விக்கிரவாண்டி ரோட்டில் மாட்டை ஓட்டிக்கொண்டு வீடு திரும்புகிற ஒரு பெண் மழையில் மாட்டிக்கொள்வது. முதல் தடவை இடி விழுந்தபோது கிளாரா ஹெட்போனைப் பிய்த்து எறிந்தாள். ஐந்நூறு பேருக்கு அடித்துப் பழகிய கை. மேடம் பொறுமையாகச் சொன்னார்: "மைக் உங்க மூக்குக்குப் பக்கத்துல இருக்குங்க. அதுக்கு மட்டும் கேட்டாப் போதும்." அக்கா தகரத்தின் ஓரத்தை இரண்டு விரலால் பிடித்து, குழந்தையை ஆட்டுகிற மாதிரி ஆட்டினார். ஹெட்போனை என் காதிலும் வைத்துக் காட்டினார்கள். பெரிய மலையே உருண்டது.

ஆனால் இரண்டாம் தடவை, இடி இரண்டு வரி தாமதமாக வந்தது. மூன்றாம் தடவை, அந்தப் பெண் வானத்தைப் பார்ப்பதற்கு முன்பே மழை கொட்டியது. நான்காம் தடவை, குடிசைக்குள் அடுப்பு எரிகிற இடத்தில் மாடு ஓடியது.

"அக்கா, 'இருட்டிக்கினு வந்தது'ன்னு நான் படிச்சதும் மழையை ஆரம்பிங்க" என்றான் சித்தார்த்தன்.

"சரி தம்பி" என்றார் அக்கா. ஐந்தாம் தடவையும் தப்பியது.

மணி இரண்டு இருபது. கிளாரா யாரையும் பார்க்காமல் லேப்டாப்பில் கம்ப்யூட்டர் சத்தங்கள் இருந்த கோப்பைத் திறந்து வைத்தாள். அக்கா கேப்பையை முறத்திலிருந்து பைக்குள் கொட்ட ஆரம்பித்தார். பையை நான்தான் பிடித்திருந்தேன். கொஞ்சம் தரையில் சிந்தியது. அதைக்கூட அவர் பார்க்கவில்லை. அவர் கண் எதிர் மேசையின் அடியில் இருந்தது. காலையிலிருந்தே அங்கேதான் இருந்தது. போர்வை தரையைத் தொடுகிற இடத்தில்.

எனக்கு அப்போதுதான் விளங்கியது. போய்ப் போர்வையைத் தூக்கி மேசைமேல் மடித்துப் போட்டேன். அடியில் சித்தார்த்தனின் ஷூ போட்ட கால்கள் இரண்டும் தெரிந்தன.

"அக்கா, இன்னா பண்றீங்க? எக்கோ அடிக்கும்" என்றாள் கிளாரா என்னிடம்.

"அடிச்சா அடிக்கட்டும் பாப்பா" என்றார் அமல்ராணி அக்கா. குரலே மாறியிருந்தது. "தம்பி, ஷூவ கழட்டு. எழுந்து நின்னு படி."

சித்தார்த்தன் கழற்றினான். "சாக்ஸையுந்தான். ஒரு வெரல் ஏற்கெனவே வெளிய வந்து எட்டிப் பாக்குது, மிச்சத்தையும் வுடு." மேடம் சிரித்தார். போர்வையை அவன் முதுகுக்குப் பின்னால் ஜன்னலில் தொங்கவிட்டோம், எதிரொலிக்கு. மைக்கை அவன் உயரத்துக்கு ஏற்றினார்கள். கேப்பை மறுபடியும் முறத்துக்கு வந்தது. மணி இரண்டு முப்பத்தைந்து.

அக்கா அவன் முகத்தைப் பார்க்கவே இல்லை. அவன் வானம் இருட்டுகிற வரிக்கு வருவதற்கு ஒரு மூச்சு முன்னால் அவன் கால்விரல்கள் தரையை இறுக்கின. முறம் சாய்ந்தது. வார்த்தையும் தூறலும் ஒன்றாக இறங்கின. குதிகால் தூக்கியது, கொட்டாங்குச்சிகள் தடதடத்தன, மாடு ஓடியது. அவன் உடம்பு பின்னால் சாய்ந்தது, தகரம் உருண்டது. ஒரு கையில் மழை, இன்னொரு கையில் இடி, குடிசைக்குள் நுழைந்ததும் காலால் மல்லாட்டைத் தோலை மிதித்து நெருப்பு. சித்தார்த்தனுக்கே குரல் ஏறிவிட்டது. படிக்கிற ஆளாக இல்லை, நனைகிற ஆளாக இருந்தான்.

கடைசி வரி முடிந்தது. கிளாரா ஹெட்போனை இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டிருந்தாள். பிறகு தலையை மேலும் கீழும் ஆட்டினாள். ஆட்டிக்கொண்டே இருந்தாள்.

"எப்படிங்க?" என்றார் மேடம்.

"வாயி சொல்றதுக்கு முன்ன காலு சொல்லிடுது மேடம். நம்ம ஊர்ல எல்லாருக்கும் அப்பிடித்தான்."

மேடத்தால் உட்கார முடியவில்லை. பேசுவதற்கு மூச்சு இழுக்கும்போதே உடம்பு நகர்கிறது என்றும், இதை அடுத்த பகுதியாகவே போடலாம் என்றும் சித்தார்த்தனிடம் வேகமாகச் சொன்னார். பெண்களை மேடையில் ஏற்றாத ஊரில், நாடகத்தின் பாதியை ஒரு பெண்தான் நடத்தியிருக்கிறாள் என்பதையும் பேசலாம் என்றார். வெளியே தேர்வுக் கட்டுகளோடு ஆபீஸ்காரர் கதவைத் தட்டிவிட்டார். "ரெண்டே நிமிஷம் சார்" என்று கத்திவிட்டு மேடம் மைக்கை அக்கா பக்கம் திருப்பினார். "பேரைச் சொல்லுங்க. என்ன பண்றீங்கன்னும் சொல்லுங்க."

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார், மைக் பார்க்கும் என்பதுபோல. "எம் பேரு அமல்ராணி" என்றார். "இடி, மழ, நெருப்பு, சேவல் எல்லாம் நான்தான்."

வெள்ளிக்கிழமை சொன்னபடி ஏற்றிவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கோயில் வாசலில் நான் என் போனில் போட்டேன். நான் எதையும் சொல்ல வேண்டியிருக்கவில்லை, போனே சொன்னது. பத்து பேர், இருபது பேர் என்று கூட்டம் நெருங்கியது. இருதயராஜ் அண்ணன் "சத்தம் போடாதீங்கய்யா, சத்தம் கேக்குது" என்று எல்லாரையும் அடக்கினார். கதை முடிந்து அக்காவின் குரல் வந்தபோது, பூ விற்கிற குப்பம்மாள் கூடையை இறக்கி வைத்துவிட்டாள்.

"அடிப்பாவி, அத்தினியும் நீயா? கேசட்டு மாத்தறாங்கன்னு இல்ல நான் நெனச்சிக்கினு இருந்தேன். ஒரு வார்த்த சொன்னா இன்னா?"

"நீ கேக்கலியே" என்றார் அக்கா. முகம் சிவந்திருந்தது.

அதோடு முடியவில்லை. பகுதியின் கடைசியில் ஒரு போட்டி. சித்தார்த்தன் குரல் சொன்னது: இப்போது இரண்டு மழை கேட்கும். ஒன்று நிஜ மழை, ஒன்று கேப்பை. எது எது என்று கண்டுபிடியுங்கள். முதல் மழை பெய்தது. கூட்டத்தில் பாதிப் பேர் நிஜம் என்றார்கள், பாதிப் பேர் கேப்பை என்றார்கள். இருதயராஜ் அண்ணன் போனைக் காதோடு ஒட்டவைத்துக்கொண்டு, இரண்டாவது வருவதற்கு முன்பே இரண்டுமே கேப்பை என்றார்.

"இது என்னுதுதான்" என்றார் அக்கா. "தோ, இங்க கேளு, கை சறுக்கிடுச்சி. முறத்த வேகமா சாச்சிட்டேன். மேடம்கிட்ட சொல்லி இந்த எடத்த எடுத்துடச் சொல்லியிருக்கணும்." நிஜமாகவே வருத்தப்பட்டார்.

இரண்டாவது மழையும் பெய்து ஓய்ந்தது. சித்தார்த்தன் குரல் வந்தது: "முதலில் நீங்கள் கேட்டது, போன கார்த்திகையில் எங்கள் ஹாஸ்டல் மொட்டை மாடியில் பெய்த நிஜ மழை. இரண்டாவதுதான் அமல்ராணி அக்கா."

வாசலே சிரித்தது. குப்பம்மாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்துவிட்டாள்.

அக்கா சிரிக்கவில்லை. போனை என் கையிலிருந்து வாங்கி முதல் மழையை மறுபடியும் போட்டு, தலையைச் சாய்த்துக் கேட்டார். "இருந்தாலும் அந்த எடத்துல கொஞ்சம் பிசகுதான்" என்றார். "இவ்ளோ வேகமா சாச்சிருக்கக் கூடாது."