நாலு நான்சியும் ஒரு கூடைப் பட்டாணியும்

இதைச் சொல்ல வாய் கூசுகிறது. ஆனாலும் கெஸ்ட் ஹவுஸ் வேலைக்குப் புதிதாக வருகிற பெண்களுக்கு இதைத்தான் முதலில் சொல்ல வேண்டும். எனக்கு எழுதத் தெரியாது. நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுகிறாள். நடுநடுவே சிரிக்கிறாள், சிரிக்கட்டும்.

இங்கே வங்காளிகள் ஊரில், லேக் கார்டன்ஸில் தமிழ்க்காரர்கள் நடத்தும் கெஸ்ட் ஹவுஸில் சமையலும் ரூம் சாவியும் என் பொறுப்பு. போன குளிர்காலத்தில் மேனேஜர் சேகர் சார் வந்து, "ரத்தினம்மா, அமெரிக்காவுலேர்ந்து நான்சின்னு ஒரு பெரிய மேடம் வர்றாங்க. மாடி ரூம ரெடி பண்ணுங்க" என்றார்.

"ஆளு எப்படி இருப்பாங்க சார்?"

போனில் தேடினார். "அட, முழுப் பேரும் இதே மாதிரி அங்க நாலு பேர் இருக்காங்க! ஒருத்தங்க பாட்டுக்காரங்க, ஒருத்தங்க ஜட்ஜ், ஒருத்தங்க ஓட்டப்பந்தயம். எல்லாரும் பேர் வாங்குனவங்கதான். நம்ம ஆளு புரொபசர். அவங்க படத்த மட்டும் காணோம்."

எனக்குப் போனில் பார்த்த பாட்டுக்காரியின் பொன்னிற முடி மனதில் ஒட்டிக்கொண்டது. பெயர் ஒன்றென்றால் நாலு பேரும் அக்கா தங்கை மாதிரிதான் இருப்பார்கள் என்று நானே முடிவு கட்டினேன்.

புரொபசர் வருகிற அன்றைக்கே எனக்கு ஒத்தாசையாக, வீட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் ஆயா சென்டரிலிருந்து தமிழ் தெரிந்த பெண் ஒருத்தியும் வர வேண்டியிருந்தது. காலையில் பெல் அடித்தது. கறுத்த அம்மாள் ஒருவர், நூல் சேலை, தோளில் துணிப்பை. "வணக்கம் அம்மா. நான் நான்சி" என்றார் தமிழில். எங்கள் சொந்த ஊர் நாசரேத் பக்கம் தெருவுக்கு ஒரு நான்சி உண்டு.

"நீயும் நான்சியா? நல்ல கூத்துட்டி! வர்ற அமெரிக்காக்காரி பேரும் அதான். செருப்பக் கழட்டிட்டுப் பின்பக்கமா வா. இந்தப் பட்டாணிய உரி."

ஒரு நிமிடம் என்னைப் பார்த்தார். பிறகு சிரித்துக்கொண்டே சுற்றி வந்து, பலகையில் உட்கார்ந்து உரிக்க ஆரம்பித்தார். கரியாஹாட் சந்தையில் வாங்கிய பட்டாணி, ஒரு கூடை. வேலைக்காரர்களுக்கென்று வைத்திருக்கிற காது உடைந்த கப்பில் டீ கொடுத்தேன்.

"நீ எந்த ஊரு?"

"அட்லாண்டா."

"அது எங்க, தன்பாத் பக்கமா?"

"கொஞ்சம் தள்ளி, அம்மா."

"கறுத்தாலும் களையாத்தான் இருக்க" என்று வேறு சொன்னேன்.

அந்த நேரத்தில் சேகர் சார் டீ கேட்டு உள்ளே வந்தார். முந்தின நாள்தான் அவர் இந்த நான்சியோடு வீடியோ காலில் பேசியிருந்தார். வாசலிலேயே நின்றுவிட்டார். "மேடம்! நீங்களா? ரத்தினம்மா, இவங்கதான் புரொபசர்!"

நான் பதறி எழுந்தேன். "ஐயோ, நீங்க எந்திரிங்க, நீங்க போய் இதெல்லாம்..."

அவர் எழவில்லை. கையில் பட்டாணித் தோலோடு கேட்டார்: "அம்மா, ஒரு சந்தேகம். காலையில 'நீ' சொன்னீங்க. இப்ப 'நீங்க' சொல்றீங்க. நடுவுல நான் என்ன செஞ்சேன்?"

கோபமாகக் கேட்டிருந்தால் காலில் விழுந்திருப்பேன். அமெரிக்காவிலேயே தமிழ் படித்தவராம், பாடத்தில் சந்தேகம் கேட்பதுபோல் கேட்டார். சேகர் சார் தரையைப் பார்த்தார். அந்த மேடத்தைவிட நான்தான் கறுப்பு.

தங்கியிருந்த நாளெல்லாம் அவர் சமையலறைக்கே வந்து சாப்பிட்டார். என் ரசத்தைக் கேட்டுக் கேட்டு வாங்கிக் குடித்தார். எனக்கு ஒரே சந்தோஷம்தான், ஆனால் முகத்தைப் பார்த்துப் பரிமாற முடியவில்லை.

பிள்ளைகளா, வருகிறவர் யாரென்று தெரிவதற்கு முன்னாலேயே 'வாங்க' என்று சொல்லிவிடுங்கள்.

மேடம் வந்த அன்று சாயங்காலமே ஆயா சென்டரிலிருந்து அனுப்பியவர் வந்தார். கேட்டுக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டு, கையில் பிளாஸ்டிக் பையோடு பின்பக்கம் போகத் திரும்பினார்.

"வாங்க, இப்படி முன்பக்கமாவே வாங்க" என்றேன்.

அவர் நகரவில்லை. தனக்குப் பின்னால் யார் வருகிறார்கள் என்று திரும்பிப் பார்த்தார்.