சாம்பிராணி போட்ட கேமரா

சாம்பிராணிப் புகை மூக்கில் ஏறினால் உங்களுக்கெல்லாம் கோயில் ஞாபகம் வரும், வெள்ளிக்கிழமை ஞாபகம் வரும். எனக்கோ கொல்கத்தாவின் டாக்குரியாவில் நாங்கள் குடியிருந்த வீட்டு மாடிப்படியும், நனைந்துபோன ஒரு கேமராவும், அதைக் கைக்குழந்தைபோல் மடியில் கிடத்திக்கொண்டிருந்த அம்மாவும், அந்த மடிக்குச் சொந்தக்காரன் நானல்லவா என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்ற ஒரு பன்னிரண்டு வயதுப் பையனும்தான் வந்து நிற்பார்கள்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. அப்பாவுக்குத் துறைமுகத்தில் வேலை. திருநெல்வேலியிலிருந்து வந்து மாடியில் குடியேறியிருந்தோம். கீழே வீட்டுக்காரர்கள். அவர்கள் மகன் புபாய் என் வயதுக்காரன், என் வகுப்புக்காரன், ஆனால் உயரம், கணக்கு, பந்தாட்டம், தலைமுடி என்று எதை எடுத்தாலும் என்னைவிட ஒரு பிடி கூட. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். அவன் மாடிக்கு வந்து எங்கள் வீட்டுத் தோசையை ஒரு விள்ளல் வாயில் போட்டுக் கண்ணை மூடி, "தாருண், காகிமா!" என்பான் பாருங்கள், அதாவது பிரமாதம் சித்தி என்று, அதைத்தான் பொறுக்க முடியவில்லை. நானும் பல் முளைத்த நாளிலிருந்து அதே தோசையைத் தின்றவன்தான். பிரமாதம் என்று ஒரு சொல் சொல்ல எனக்குத் தோன்றியதே இல்லை. "சாப்பிடுதான் பாரு, கண்ணுக்கு எவ்வளவு நெறைவா இருக்கு! நீயும்தான் இருக்கியே, வேப்பங்கொழுந்தத் தின்ன மாதிரி" என்று சொல்லிக்கொண்டே அம்மா முறுகலான தோசையை அவன் தட்டில் போடுவாள். எனக்கு வருவது ஓரம் பிய்ந்தது.

இந்த நிலையில்தான் புபாய்க்கு அவன் மாமா சிங்கப்பூரிலிருந்து ஒரு கேமரா கொண்டுவந்து கொடுத்தார். எங்களிடம் கேமரா கிடையாது. ஊரைவிட்டு வந்தபின் குடும்பமாக ஒரு படமும் எடுத்துக்கொண்டதில்லை. "துர்கா பூஜைக்குப் புதுத்துணி போட்டுக்கிட்டு நிப்போம், புபாய் படம் எடுக்கட்டும், ஊருக்கு அனுப்பலாம்" என்று அப்பா சொன்ன அன்று எனக்குச் சோறே இறங்கவில்லை. இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டேன் என்பது வேறு விஷயம்.

பூஜைக்குச் சில நாட்கள் இருக்கையில் அது நடந்தது. விடிந்ததும் அம்மா மாடிப்படி வாசலில் தண்ணீர் தெளித்துக் கோலம் போடுவாள். வங்காளிகள் மாக்கரைசலில் போடும் கோலத்துக்கு ஆல்போனா என்று பெயர்; புபாயின் அம்மா இதை "உங்க ஆல்போனா" என்பாள். காகிமா கதவைத் திறந்து கோலம் போடுவதை அவளுக்கே தெரியாமல் படம் பிடித்து அசத்த வேண்டும் என்று புபாய்க்கு ஓர் ஆசை. படியில் குத்துக்கால் வைத்து உட்கார்ந்து, கேமராவைக் கண்ணில் வைத்துக் காத்திருந்திருக்கிறான். தூக்கக் கலக்கத்தில் அம்மா கதவைத் திறந்தாள், எதிரில் இருப்பது படி என்ற நம்பிக்கையில் வாளித் தண்ணீரை வீசினாள்.

"ஐயையோ, பிள்ளைய நனைச்சிட்டனே!"

"காகிமா, கேமரா!"

பாயில் கிடந்த எனக்குள் தவிலும் நாகஸ்வரமும் ஒன்றாக முழங்கின. காபி குடிக்கும்வரைதான் முழங்கின. ஏனென்றால் லென்ஸுக்குள் தண்ணீர் இறங்கி, கண்புரை விழுந்ததுபோல் மூடிக்கொண்டிருந்தது, அதைச் சரியாக்கித் தருவது தன் பொறுப்பு என்று அம்மா அந்தக் கேமராவைத் தத்தெடுத்துவிட்டாள்.

முதலில் அதை அரிசி டிரம்முக்குள் புதைத்தாள். மறுநாள் மொட்டைமாடியில் மோர்மிளகாய்த் தட்டின் நடுவே வெயிலில் வைத்துவிட்டு, குச்சியும் கையுமாக என்னைக் காவலுக்கு உட்கார்த்தினாள். "எங்கயும் போயிராதல, காக்கா கொத்திரும்." காக்கா கேமராவையா கொத்தும் என்று கேட்டேன். "மோர்மிளகாயக் கொத்துதுல்லா, அதுக்கு என்ன தெரியும்?" என்றாள். எதிரியின் சொத்துக்கு நிழல்கூட இல்லாமல் காவல் இருந்தேன். அவ்வப்போது காக்காவுக்காக வேண்டிக்கொண்டேன். டாக்குரியாக் காக்கைகளுக்கு அன்றைக்கு ஏனோ பசியில்லை.

அப்படியும் உள்ளே ஈரம் பூத்திருந்தது. "ஈரம் போகணும்னா புகைதான்" என்று அம்மா தணலில் சாம்பிராணியைத் தூவி, லென்ஸை அதன்மேல் காட்டினாள். சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளித்த தலைக்கு, என் தலைக்கு, என் ஒருவன் தலைக்கு மட்டும் அவள் காட்டுகிற புகை! ஓடிப்போய் இரண்டு செம்பு தண்ணீரைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, சொட்டச் சொட்ட அவள் முன்னால் குனிந்து உட்கார்ந்தேன்.

"தள்ளுல, வெளிச்சத்த மறைக்க" என்றாள்.

மாலையில் வந்த அப்பா கேமராவை முகர்ந்து பார்த்தார். "தண்ணியில தப்பிச்சிருக்கும், நீ புகையில முடிச்சிட்ட போலிருக்கே" என்றார். லென்ஸ் பளிச்சென்றுதான் இருந்தது; உள்ளே ஒரு பக்கத்தில் மட்டும், துடைக்கக் கை எட்டாத இடத்தில், வெள்ளையாக ஒரு படலம். புபாய் அழுதிருந்தால் அவனை மன்னித்திருப்பேன். அவனோ அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "கிச்சு ஹய்னி, காகிமா", ஒன்றும் ஆகவில்லை சித்தி, என்றான். அன்றைக்கு அவனுக்கு நெய்த்தோசை.

அஷ்டமியன்று பந்தல் வாசலில் வரிசையாக நின்றோம். அந்தக் கேமராவில் ஒரு சதிகாரப் பொத்தான் உண்டு. அமுக்கிவிட்டு ஓடிவந்து எடுப்பவனே படத்தில் நின்றுகொள்ளலாம். புபாய் அமுக்கினான், ஓடிவந்தான், அம்மாவின் தோளை ஒட்டி, நான் நிற்கவேண்டிய இடத்தில் நின்றான். நான் வீம்புக்கு வரிசையின் கடைசிக்குப் போனேன். அடுத்த படத்துக்கும் போனேன், அதற்கடுத்ததற்கும். "ஏக்டு ஹாஷோ", கொஞ்சம் சிரியேன், என்று அவன் அங்கிருந்து கெஞ்சினான். நானாவது சிரிப்பதாவது.

படங்கள் கழுவி வந்தன. அப்பாவின் மீசை பளிச்சென்று விழுந்திருந்தது, அம்மாவின் பச்சைப்பட்டு விழுந்திருந்தது, புபாயின் பல்வரிசையை எண்ணிவிடலாம். கடைசியில், நான் இருக்கவேண்டிய இடத்தில், அரைக்கால்சட்டை போட்ட ஒரு வெள்ளை மேகம் நின்றது. எல்லாப் படத்திலும் நின்றது. என் கோபம் என்னை ஒவ்வொரு முறையும் அந்தச் சாம்பிராணிப் படலத்துக்கு நேராகவே கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறது. ஊரில் எல்லோரும் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, "அம்மாவ ஒட்டி நிக்கது உங்க பையனா? நல்லா வளந்துட்டானே!" என்று கேட்டார்கள்.

அந்த வீட்டை இடித்து அடுக்குமாடி எழுப்பிவிட்டார்கள். கேமரா என்னவானதென்று புபாய்க்கே தெரியாது. அம்மா இப்போது என்னோடு சென்னையில், ஏழாவது மாடியில் இருக்கிறாள். வாசலில் தண்ணீர் தெளித்தால் அசோசியேஷனிலிருந்து ஆள் வருவார்கள் என்பதால் ஒட்டுக்கோலம், தணலுக்கு வழியில்லை என்பதால் கம்ப்யூட்டர் சாம்பிராணி. போன மாதம் என் மகள் பழைய ஆல்பத்தைப் புரட்டிக்கொண்டிருந்தவள், "ஓரத்துல வெள்ளையா இது யாரு ஆச்சி?" என்று கேட்டாள்.

அம்மா கண்ணாடிகூடப் போடவில்லை. "உங்க அப்பன்தான். கீழ் உதட்டப் பிதுக்கிக்கிட்டு நிக்கான் பாரு. அன்னைக்குப் பூரா அப்படித்தான் நின்னான்."

"எங்க ஆச்சி? வெறும் புகைதானே இருக்கு!"

"எனக்குத் தெரியுதுல்லா."

படத்தை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தேன். மேகம்தான் தெரிந்தது. ஆனாலும், பக்கத்திலேயே பல் தெரியச் சிரிக்கிறவனைப் பற்றி அம்மா ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்று நெஞ்சு நிமிர்ந்தது. நிமிர்ந்து முடிப்பதற்குள் அவள் சொன்னாள்: "அந்தப் பயலுக்கு ஒரு போனப் போடுல. தோசை தின்னு எவ்வளவு நாளாச்சோ."

போட்டேன். முதல் மணி அடித்ததுமே எடுத்துவிட்டான், பாவி.