வெட்டி எடுத்த கன்று

மெழுகில் இருந்த அந்தக் கன்றின் முகம் இப்போதும் என் கண்ணுக்குள் நிற்கிறது. முன்னங்கால்கள் இரண்டும் வெளியே வந்துவிட்டன. அவற்றின்மேல் படிந்தபடி மூக்கு. வாயோரத்தில் நாக்கின் நுனி. மிச்ச உடம்பு முழுவதும் தாய்க்குள். நாசித் துவாரத்தைச் சுண்டுவிரல் நகத்தால் கடைசியாக ஒருமுறை திருத்திவிட்டு, பசுவின் குளம்புக்கு அருகே தன் பெயரைக் கீறினார் மதாம். யூரோ புழக்கத்துக்கு வந்த புதிது. ஹம்பேர்க்குக்கு வெளியே ஒரு வெண்கல வார்ப்புப் பட்டறையில் நான் மெழுகு வேலை செய்துகொண்டிருந்தேன்; மெழுகில் எப்படி முடிக்கிறோமோ அப்படியே வெண்கலத்தில் வரும். பிரான்சிலிருந்து வந்த அந்தச் சிற்பியை எல்லோரும் மதாம் என்றுதான் அழைத்தோம்.

மிருகங்களைத் தவிர அவர் வேறு எதையும் செய்ததில்லை. மனித உருவம் வராதவர்கள்தான் மாடு செய்வார்கள் என்று படிக்கிற காலத்தில் ஆசிரியர்கள் சிரித்தார்களாம். அவரோ இறைச்சிக்கூட வாசல்களிலும் பனி கொட்டும் மிருகக்காட்சிச் சாலைகளிலும் நின்று வரைந்தார். கலைக்கூடங்கள் அவரிடம் விரும்பி எடுத்தது மேசையில் வைக்கிற பூனைகளையும் வாத்துகளையும்தான். அவருடைய எருதுகள் களஞ்சியத்தில் தூசி பிடித்துக் கிடந்தன. தலை நரைத்த பிறகு, ஒருகாலத்தில் மாட்டுச் சந்தைக்குப் பேர்போன ஒரு சிறிய ஜெர்மன் நகரம் தன் சதுக்கத்துக்கு ஒரு பசு கேட்டது. பொதுவெளியில் நிற்கப்போகும் அவருடைய முதல் பெரிய சிலை. கன்று ஈனும் பசுவைச் செய்தார். மாதிரியைப் பார்த்து நகரசபையும் தலையாட்டியது.

பிறகு நான் பிரசவ விடுமுறையில் போய்விட்டேன். திறப்பு விழாவுக்கு மகளைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு போனேன். துணியை இழுத்ததும் கூட்டம் சிரித்தது. பசு கழுத்தை நீட்டி, கண் பிதுங்க, வாலைத் தூக்கி, கால்களை அகட்டி நின்றது. பின்புறம் வழவழவென்று இருந்தது. கன்று இல்லை.

மதாம் நேரே நடந்துபோய் அந்த வழவழப்பில் கையை வைத்தார். கன்று எங்கே என்று கேட்டார். இது பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகும் வழி, பெற்றோர் முகம் சுளிப்பார்கள் என்று நகரபிதா சிரித்துக்கொண்டே விளக்கினார்.

“இவள் எதற்காக இப்படி வேதனைப்படுகிறாள் என்று அந்தப் பிள்ளைகளுக்கு என்ன சொல்வீர்கள்?” என்றார் மதாம், தன் உடைந்த ஜெர்மன் மொழியில். பதிலுக்குப் பதிலாக வாத்தியக் குழு வாசிக்கத் தொடங்கியது.

பட்டறையில் மெருகு வேலை செய்த யாழ்ப்பாணத்து அண்ணை என்னை ஓரமாகக் கூப்பிட்டார். “தங்கச்சி, நீங்கள் லீவிலை நிக்கேக்கை முதலாளிதான் மெழுகிலையே அறுத்தவர். பாக்க அசிங்கமாக் கிடக்கு எண்டு நகரசபை ஆக்கள் சொல்லிப்போட்டினம். மதாமுக்கு ஒருத்தரும் சொல்லேல்லை.”

ஒரு தாயின் வலியை விட்டுவைத்து, வலிக்கான காரணத்தை மட்டும் வெட்டி எறிவதற்கு எப்படி மனம் வந்தது? நான் அந்தப் பட்டறைக்குத் திரும்பிப் போகவே இல்லை. தன் பெயரையாவது அழித்துவிடும்படி மதாம் கேட்டார். சிலை இனி நகரத்தின் சொத்து என்றார்கள். ஊர் அதற்கு ‘முக்கிற மாடு’ என்று பெயர் வைத்தது. வயதான சிற்பிக்குக் கை தவறிவிட்டது என்று பத்திரிகையில் எழுதினார்கள். அறுத்தது யாருடைய கை என்று எழுதியவர் விசாரிக்கவே இல்லை. பூனையும் வாத்தும் கேட்ட கலைக்கூடங்கள்கூட அதன்பின் அவரைக் கூப்பிடவில்லை. சில ஆண்டுகளில் மதாம் இறந்துபோனார்.

மகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய வருடம், பாரிஸில் ஓர் அருங்காட்சியகம் அவருடைய களஞ்சியத்தைத் திறந்து எல்லாவற்றையும் காட்சிக்கு வைத்தது. கன்றோடு அவர் முதலில் சாந்தில் செய்த மூலப் பசுவின் முன்னால் ஆட்கள் வரிசையில் நின்றார்களாம். உடனே அந்த ஜெர்மன் நகரத்துக்கும் கன்று தேவைப்பட்டது.

அண்ணை தொலைபேசியில் கூப்பிட்டார். “மெழுகு வார்த்த ரப்பர் அச்சு இன்னும் கிடக்கு தங்கச்சி. மதாமோடை நிண்டு செய்தது நீங்கள்தானே, கன்றைச் செய்து தருவியளோ எண்டு கேட்டுப் பாக்கச் சொல்லி முதலாளி சொன்னவர்.” கலைஞரின் கனவை நகரம் நிறைவேற்றியது என்று பக்கத்தில் ஒரு கல்லும் நடப்போகிறார்களாம்.

“செய்து தாறன், அண்ணை,” என்றேன். “ஆனா முதல் கன்றை ஆர் சொல்லி ஆர் அறுத்தது எண்டும் அந்தக் கல்லிலை வெட்டச் சொல்லுங்கோ. வெட்டின பிறகு வாறன்.”

“ஓம், அப்பிடியே சொல்லுறன்” என்றார் அண்ணை.

நகரசபை அதைப் பற்றி இன்னும் ஆலோசித்துக்கொண்டிருக்கிறதாம்.