பஸ் டிரைவரும் என்னை அப்பா என்றார்

ஈர சாக்ஸும் ரப்பரும் கலந்த ஒரு வாடை. பனிச்சறுக்கு பூட்ஸ் வாடகைக்குத் தரும் கடைக்குள் நுழைந்ததுமே மூக்கில் ஏறியது. சட்டென்று ஒரு நீச்சல் குளத்து உடைமாற்றும் அறை... ஆறு வயது யாழினி. தண்ணீரைவிட்டு வரவே மாட்டேன் என்கிறாள். கையில் துண்டோடு நான்.

இப்போது அவளுக்கு இருபது. போன வாரமும் அவளைக் கூட்டி வரத்தான் போனேன் — இந்த முறை மலையிலிருந்து.

விஷயம் இதுதான். என் மகள் பார்மசி படிப்பை இரண்டாம் வருடத்தோடு நிறுத்திவிட்டாள். மெல்பர்னிலிருந்து மூன்று மணி நேரம் தள்ளி ஒரு பனிமலையில், சறுக்கச் சொல்லித்தரும் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். நான் போன அன்று சீசனின் முதல் நாள்.

"ஏங்க, அங்க போய் பேசிக்கிட்டு நிக்காதீங்க. கையோட கூட்டிட்டு வாங்க." மெல்பர்ன் புறநகரான டார்னெய்ட்டில் எங்கள் வீட்டு வாசலில் நின்று என் மனைவி சொல்லி அனுப்பினாள்.

போய்ச் சேர்ந்தால், வகுப்பு தொடங்கிவிட்டது. அவளோடு பேச வேண்டுமென்றால் மதியம் வரை காத்திருக்க வேண்டுமாம். இல்லையென்றால் வகுப்பில் சேரலாமாம். எனக்கு ஓரிடத்தில் உட்காரத் தெரியாது என்பது வாராவாரம் இந்தப் பக்கத்தைப் படிக்கும் உங்களுக்குத் தெரியும். சேர்ந்துவிட்டேன்.

முதல் நாள் பனியில் பாதிதான் வானத்தினுடையது. மீதியை மெஷின் துப்பியிருந்தது. பழுப்புப் புல்லுக்கு நடுவே வெள்ளையாய் ஒரு பட்டை — அவசரத்துக்குச் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி. அதில் என்னையும் சேர்த்து ஐந்து பேர் தத்தளித்தோம்.

யாழினி என்னைப் பார்த்தாள். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினாள்.

"அம்மா அனுப்பினாங்களா?"

"ஆமா."

"முதல்ல முட்டியை மடக்குங்க."

மற்றவர்களைப் பெயர் சொல்லி அழைத்தாள். பெற்ற அப்பனை எப்படிப் பெயர் சொல்லி அழைப்பாள்? "அப்பா, லீன் ஃபார்வர்ட்!" என்றாள். அவ்வளவுதான். அதுதான் என் பெயர் என்று வகுப்பே முடிவுகட்டிவிட்டது. பக்கத்தில் நின்ற ரிடையர்ட் பஸ் டிரைவர் — வயது அறுபத்தைந்துக்குக் குறையாது — என் தோளில் தட்டி, "யூ ரைட், அப்பா?" என்று நலம் விசாரித்தார்.

ஒருத்தியைக் கூட்டிப்போக வந்தவனுக்கு ஒரே மணி நேரத்தில் அவளோடு சேர்த்து ஐந்து பிள்ளைகள்! நான் திருத்தவில்லை. ஏன் திருத்தவில்லை? தெரியவில்லை.

விழுந்தேன். எழுந்தேன். மறுபடி விழுந்தேன். கையை நீட்டினேன்.

"நோப்பா. கை தர மாட்டேன். பக்கவாட்டுல திரும்பி நீங்களே எழுந்திருங்க."

என்ன ஓர் அதட்டல்! வீட்டில் இந்தக் குரலை நான் கேட்டதே இல்லையே. வீட்டில் எதைக் கேட்டாலும் "ம்" என்பாள். கதவைச் சாத்திக்கொள்வாள். இவ்வளவு நாள் இந்தக் குரலை எங்கே வைத்திருந்தாள்?

பிறகு எனக்கு முன்னால் வந்து, சரிவுக்கு முதுகைக் காட்டி, பின்பக்கமாகவே சறுக்கத் தொடங்கினாள்.

"காலைப் பார்க்காதீங்க. என்னைப் பாருங்க."

பார்த்தேன். காது ஜில்லிட்டது. மரங்கள் என்னைத் தாண்டிப் போயின. வயிற்றுக்குள் ஒரு சிரிப்பு புறப்பட்டது — ஐம்பது வயதில், யாரிடமும் அனுமதி கேட்காமல். இருபது மீட்டர் இருக்குமா? இருக்கலாம். நின்றபோது பஸ் டிரைவர் கை தட்டினார்.

பிள்ளைகளை வழிக்குக் கொண்டுவருவது பற்றி இதே பக்கத்தில் எத்தனை வாரம் அளந்திருக்கிறேன்! வழி எந்தப் பக்கம் என்று கேட்க அன்று எனக்குத்தான் ஆள் தேவைப்பட்டது.

மதியம் கார் வரைக்கும் கூடவே வந்தாள். மூன்று மணி நேரம் ஓட்டிக்கொண்டே ஒத்திகை பார்த்த பேச்சில் மிஞ்சியது ஒரே ஒரு கேள்வி.

"சீசன் முடிஞ்சா திரும்பப் படிப்பியா?"

பூட்ஸ் நுனியால் பனியைக் கிளறினாள். "தெரியலப்பா. நிஜமாவே தெரியல."

கார் கதவைத் திறந்தேன். மூடினேன். மறுபடி திறந்தேன்.

"சரி... நீ தெரியாமலே இரு. அம்மாகிட்ட தெரிஞ்ச மாதிரி நான் பேசிக்கிறேன்."