பின் சீட்டில் என் கணவர்

இன்று குடவாசல் பஸ்ஸில் பக்கத்துத் தெரு அக்கா தன் போனில் என் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸைத் திறந்து நீட்டினார். குடும்பம், நண்பர்கள் என எல்லோரும் மணாலி போனபோது பனியில் சறுக்கி ஓடும் ஸ்னோ ஸ்கூட்டரை நான் ஓட்டிய படம்.

“அறுப்பு நேரத்துல ஊர் சுத்தப் போயிட்டியா?”

“அறுப்பு மெஷின் வர ஒரு வாரம் ஆகும்னாங்கக்கா. அதுவரைக்கும் வயலையே பாத்துக்கிட்டு இருக்கவா?”

“அது கிடக்கட்டும். உன் வீட்டுக்காரரு ஏன் பின்னாடி உக்காந்திருக்காரு?” குரல் தணிந்துவிட்டது.

“முதல்ல அவருதான் ஓட்டினாரு. மொபட் மாதிரி நினைச்சுக்கிட்டு, திரும்பறப்பல்லாம் காலை ஊனி வண்டியைச் சாச்சுட்டாரு. அதான் நான் வாங்கிக்கிட்டேன்.”

“நாலு பேரு பாப்பாங்க. எடுத்துடும்மா.”

ஸ்டேட்டஸிலிருந்து எடுத்துவிட்டேன். இங்கே ஃபேஸ்புக்கில் முகப்புப் படமாக வைத்துவிட்டேன்.

முதல் லைக் பின் சீட்டுக்காரருடையது. அக்கா சொன்ன அந்த நாலு பேர் எங்கே?