வலது கன்னம்

என் மகள் எட்டாவது படித்தபோது, காலாண்டுப் பரீட்சை ரேங்க் கார்டில் கையெழுத்துப் போட ஸ்கூலுக்குப் போனேன். என் வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறவர். மாதத்தில் பாதி நாள் எந்த ஊரில் இருக்கிறார் என்பது அவருக்கே தெரியாது. அதனால் ஸ்கூல், ரேஷன், ஆஸ்பத்திரி எல்லாம் என் தலையில்தான். வகுப்பு வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தேன். உள்ளே ஒரு பெண் என் மகளிடம் கேட்டது காதில் விழுந்தது.

"ஏய், வந்திருக்கிறது உங்க ஆயாவா?"

எங்கள் பக்கம் ஆயா என்றால் பாட்டி. என் மகள் திரும்பி என்னைப் பார்த்தாள். பிறகு மெதுவாக, "ஆமா, ஆயாதான்" என்றாள்.

எனக்கு அப்போது முப்பத்தாறு வயது.

நான் வாய்க்காரி. விருத்தாசலம் பஸ் ஸ்டாண்டில் மீதிச் சில்லறை தராத எந்தக் கண்டக்டரைக் கேட்டாலும் சொல்வார். ஆனால் அன்றைக்கு எனக்கு வாயே வரவில்லை. டீச்சர் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டேன், மார்க்கைக்கூடப் பார்க்கவில்லை. எங்கள் ஊர் கருவேப்பிலங்குறிச்சிக்குத் திரும்புகிற பஸ்ஸில் அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தாள், நான் இந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தேன். காக்கைக்குத் தன் குஞ்சு பொன்குஞ்சு என்கிறார்கள். குஞ்சுக்குத் தன் காக்கை எப்படித் தெரியும் என்று யாரும் சொல்லி வைக்கவில்லை. காதில் விழுந்ததை அவளிடம் சொல்லவும் முடியவில்லை, கேட்காதது மாதிரி இருக்கவும் முடியவில்லை.

வீட்டுக்கு வந்து கண்ணாடியில் பார்த்தேன். அப்படிக் கேட்ட பெண்ணைக் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. கன்னம் கருத்து, நடுவில் சிவந்து, கண்ணோரத்திலிருந்து வாய் வரைக்கும் கோடு கோடாக இறங்கியிருந்தது. எப்போதும் ஒரு அரிப்பு, ஒரு எரிச்சல். நான் அப்போது விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் கம்பெனியில் வேலை செய்துகொண்டிருந்தேன். பியூஸ் கம்பி மாட்டுகிற வெள்ளைக் கட்டைகள் இருக்கின்றனவே, அவை அச்சிலிருந்து வந்ததும் பிசிறு தட்டி, காய்ந்ததைப் பொறுக்கிச் சூளைக்கு அனுப்புவது எங்கள் பிரிவு. எல்லோரும் பெண்கள். வேலை முடிந்ததும் தூசி போகவேண்டும் என்று துணி துவைக்கிற சோப்பைப் போட்டு, கட்டை துடைக்கிற ஸ்பாஞ்சாலேயே முகத்தைத் தேய்ப்போம். தூசி தொண்டைக்குள் இறங்காமல் இருக்க வாயில் புகையிலை அடக்கிக்கொள்வோம். இது எங்கள் கம்பெனி வைத்தியம். யார் கண்டுபிடித்தது என்று தெரியாது.

மறு வாரமே, கூட வேலை செய்த ஒருத்தி சொன்ன முகத்துக்குப் பூசுகிற டியூப்பை வாங்கினேன். மெடிக்கலில் டாக்டர் சீட்டெல்லாம் கேட்கவில்லை. இரவில் பூசினால் காலையில் அரிப்பு நின்றிருந்தது. பத்துப் பதினைந்து நாளில் முகம் தெளிந்து வெளுத்தது. "இன்னா, கல்யாணப் பொண்ணு மாதிரி ஆயிட்டே?" என்று கிண்டல் செய்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிற ஆள் நான் இல்லை என்று நினைத்திருந்தேன், நம்பினேன். ஆனாலும் அரையாண்டுக்கு, நல்லவேளை ஊரில் இருந்த வீட்டுக்காரரை ஸ்கூலுக்கு அனுப்பிவிட்டேன். இன்னும் கொஞ்சம் தெளியட்டும், பிறகு போய் நிற்கலாம் என்று இருந்தேன்.

தெளியவில்லை. சித்திரை வெயில் வந்தபோது தோல் வெங்காயச் சருகு போல மெலிந்துவிட்டது. ஒரு நாள் பூசாவிட்டால் முகம் தீயாக எரிந்தது, பூசினால் அடங்கியது. கடைசியில் ஆவணி மாதம் அரசு ஆஸ்பத்திரிக்குத் தோல் டாக்டர் வருகிற நாள் பார்த்துப் போய் உட்கார்ந்தேன். டாக்டரம்மாவுக்கு என் வயதுதான் இருக்கும். முகத்தில் ஒரு கோடு இல்லை. பார்த்ததுமே எரிச்சல் வந்தது.

அவர் டியூப்பை வாங்கிப் பார்த்தார். என் முகத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். பிறகு, "வாயைத் திறங்க" என்றார்.

"மூஞ்சிக்கு வந்தா வாயை எதுக்குங்க பாக்குறீங்க?"

"ஈறெல்லாம் வீங்கியிருக்கு, பாருங்க. புகையிலையா?" என்று சிரித்தார். "எல்லாம் ஒரே உடம்புதாங்க. கொசு கடிச்சா செவந்து வீங்கி, அப்புறம் தானா அடங்கிடும். அது நல்லது, உடம்பு தன்னைக் காப்பாத்திக்குது. உங்களுக்கு அது அடங்கவே இல்ல. வருஷக்கணக்கா உள்ள கனன்னுக்கிட்டே இருக்குது. தோலை இழுத்துப் பிடிச்சிருக்கிற நார் இருக்குல்ல, அதைக் கொஞ்சம் கொஞ்சமா அரிச்சிடுது. அதான் வயசுக்கு முன்னாடி இந்தச் சுருக்கம், இந்தக் கருப்பு."

இதற்கு அழற்சி என்று பெயர் என்பதைப் பிற்பாடுதான் தெரிந்துகொண்டேன். அன்றைக்கு எனக்குப் புரிந்தது ஒன்றே ஒன்று. ஆறவிடாமல் கிளறிக்கொண்டே இருந்தது நான்தான். துணி சோப்பு, ஸ்பாஞ்சு, வெயில், புகையிலை, இரண்டு ஷிஃப்ட் பார்த்துவிட்டுத் தூங்காமல் கிடந்தது, பசிக்குச் சோறு தின்னாமல் சர்க்கரை டீயும் போண்டாவுமாக ஓட்டியது, எல்லாவற்றுக்கும் மேலே அந்த டியூப். அது ஸ்டீராய்டு மருந்து, தோலை மெலிய வைத்துவிடும், அதை இனிமேல் தொடவே கூடாது என்றார் டாக்டரம்மா. நிறுத்தினால் முதலில் இன்னும் மோசமாகும், பயந்து திரும்பவும் எடுத்துவிடாதீர்கள் என்றும் சொன்னார். வெறும் தண்ணீரில் கழுவி, ஈரம் காயுமுன் வாசலைன் தடவச் சொன்னார். பல் டாக்டரிடம் காட்டவும் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார்.

"போன மூஞ்சி திரும்பி வருமாங்க?"

"வராதுங்க. இருக்கிறதைக் காப்பாத்திக்கலாம்" என்றார். பொய் சொல்லாததற்காக அவர் முகம் வழவழவென்று இருந்ததை மன்னித்துவிட்டேன்.

எழுந்திருக்கும்போது அவரே நிறுத்தினார். "வலது கன்னம் மட்டும் ஏன் ரெண்டு மடங்கு மோசமா இருக்கு? எந்தப் பக்கம் ஒருக்களிச்சுப் படுப்பீங்க? பஸ்ஸில ஜன்னல் ஓரமா?" நான் மல்லாந்து படுக்கிறவள். பஸ்ஸில் உட்கார இடம் கிடைப்பதே பெரிசு. இரண்டு பேருக்கும் விடை தெரியவில்லை.

விடை மறுநாள் காலையில் கம்பெனியில் கிடைத்தது. கட்டை காய்ந்ததா என்று எங்கள் பிரிவில் எப்படிப் பார்ப்போம் தெரியுமா? விரலெல்லாம் காய்த்துப்போனதால் கைக்கு ஈரம் தெரியாது. கன்னத்துக்குத் தெரியும். கட்டையை எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்ப்போம். சில்லென்று இருந்தால் உள்ளே ஈரம், சூளையில் வெடித்துவிடும். சில்லிப்பு இல்லாவிட்டால் அனுப்பலாம். புதிதாக வருகிறவர்களுக்கு முதல் நாள் சொல்லிக் கொடுப்பதே இதைத்தான். அப்புறம் அது மூச்சு விடுவது மாதிரி ஆகிவிடும், செய்கிறோம் என்றே தெரியாது. எனக்கும் தெரியவில்லை. அன்றைக்கு நாலைந்து கட்டை பார்த்த பிறகுதான், என் கை எங்கே போய் வருகிறது என்பதே எனக்கு உறைத்தது.

கட்டையை அப்படியே பிடித்துக்கொண்டு வரிசையைப் பார்த்தேன். எல்லோருக்கும் வலது கன்னம் கருத்துத் தடித்திருந்தது. கடைசியில் உட்கார்ந்திருந்த ஒருத்திக்கு மட்டும் இடது கன்னம். அவள் இடது கைக்காரி. எனக்குச் சிரிப்பும் வந்தது, வயிறும் எரிந்தது. நாள் முழுக்க மண்ணால் முகத்தை ராவிவிட்டு, சாயங்காலம் அதற்கு மருந்து பூசியிருக்கிறோம்.

சொன்னதும் சிலர் சிரித்தார்கள். இடது கைக்காரி மட்டும் சிரிக்கவில்லை, தன் கன்னத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டாள். அன்றிலிருந்து நான் புறங்கையில் வைத்துப் பார்க்கப் பழகினேன். முதலில் கணிப்புத் தவறிச் சில கட்டைகள் சூளையில் வெடித்தன. மேஸ்திரி முகத்தைச் சுளித்தார். "உங்க சூளைக்கு ஒரு மூஞ்சி போதுங்க, என்னுது போயாச்சு" என்றேன்.

கன்னத்தின் கதை தெரிந்த அன்று இரவே, சாப்பாட்டின்போது வீட்டில் இதைச் சொல்லிக்கொண்டிருந்தேன். என் மகள் சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டு என் கன்னத்தையே பார்த்தாள்.

"அப்ப இது வயசு இல்லியா?"

"வயசா? வேலைடி."

அவள் மறுபடி சோற்றைப் பிசைந்தாள்.

டியூப்பை நிறுத்தியதும் டாக்டரம்மா சொன்னபடியே ஆயிற்று. முகம் வீங்கி, சிவந்து, திட்டுத் திட்டாக உரிந்தது. அக்கம்பக்கத்தில் பேச வருகிறவர்கள் இரண்டடி தள்ளி நின்று பேசினார்கள். பழைய டியூப்பை எடுத்துவிடலாமா என்று தினமும் தோன்றியது. எனக்குத் தெரியாமல் என் மகள் அதைக் குப்பையில் போட்டுவிட்டாள். ராத்திரியில் நான் சொறிந்துவிடக் கூடாது என்று வாசலைனையும் அவள்தான் தடவிவிட்டாள். புகையிலையை விட்டதில் யாரைப் பார்த்தாலும் கடித்துவிடலாம் போல இருந்தது. அவளையும் நிறையத் திட்டினேன்.

அந்த நிலைமையில்தான் ஒன்பதாவது காலாண்டு ரேங்க் கார்டு வந்தது. வீட்டுக்காரர் ஊரில் இல்லை.

"சித்தப்பாவ அனுப்புறேன்" என்றேன்.

"வேணாம், நீ வா."

"இந்த மூஞ்சியோடவா?"

"இந்த மூஞ்சிக்கு இன்னா இப்ப?" என்று தலையைப் பின்னிக்கொண்டே கேட்டாள்.

முந்தானையால் பாதி முகத்தை மூடிக்கொண்டு போனேன். புது டீச்சர். வகுப்பில் அதே பிள்ளைகள், போன வருடம் கேட்ட அந்தப் பெண்ணும் இருந்தாள். டீச்சர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீங்க யாரும்மா, பாட்டியா?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் என் மகள் எழுந்து நின்றாள்.

"எங்க அம்மா, டீச்சர். பீங்கான் கம்பெனில வேல செய்யுறாங்க. மூஞ்சிக்குப் போட்ட மருந்த நிறுத்தியிருக்காங்க, அதான் இப்படி இருக்குது." பிறகு வகுப்புப் பக்கம் திரும்பி, "ஒன்னும் ஒட்டாது" என்றாள்.

முந்தானையை எடுத்துவிட்டேன். அவ்வளவு அசிங்கமாக என் முகம் அதற்கு முன்பும் இருந்ததில்லை, பின்பும் இருக்கவில்லை. எனக்கு அவ்வளவு சந்தோஷமாகவும் இருந்ததில்லை. நிதானமாகக் கார்டைப் படித்தேன். சயின்ஸில் பார்டர் மார்க்.

பஸ் ஏறுகிற வரைக்கும்தான் பொறுத்தேன். ஏறியதும் ஆரம்பித்துவிட்டேன். டி.வி. பார்த்த நேரம், ஊர் சுற்றிய நேரம், புத்தகத்தைத் தொடாத நேரம், ஒன்றையும் விடவில்லை. முன் சீட்டில் இருந்தவர் பொறுக்க முடியாமல் திரும்பினார். "ஏம்மா, பேத்தியப் போட்டு இந்தத் திட்டு திட்டுற?"

"பேத்தி இல்லீங்க, எங்க அம்மா. அதான் திட்டுறாங்க" என்றாள் அவள். அவருக்குப் பதில் சொல்லிவிட்டு, மீதியையும் வாங்கிக்கொள்வதற்கு என் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். ஊர் வருகிற வரைக்கும் நான் நிறுத்தவே இல்லை.