அழுகிற சாமி

என் அப்பா சந்தியாகு உபதேசியாருக்கு ஞானோபதேசக் கேள்விகள் எல்லாம் தலைகீழ்ப் பாடம். பதில்களும் அப்படித்தான். கேள்விக்கும் பதிலுக்கும் நடுவில் ஒரு மனிதர் உட்கார்ந்திருக்கிறார் என்பதுதான் அவருக்கு அடிக்கடி மறந்துபோகும். அதை நினைவுபடுத்த, வல்லத்திராக்கோட்டைப் பக்கத்திலிருந்து வறுத்த கடலைக் கூடையோடு சின்னப்பிள்ளை வரவேண்டியிருந்தது.

1957-ஆம் வருஷம். எங்கள் கோயில் திருவிழாவில் கடலை விற்க வந்தவள், மழைக்கு ஒதுங்கி உள்ளே நுழைந்தாள். வலப்பக்கம் வியாகுல மாதா சுரூபம் இருந்தது. செத்த மகனை மடியில் கிடத்தி, கன்னத்தில் கண்ணீரோடு இருப்பாள் மாதா. சின்னப்பிள்ளை அதன் முன்னால் நின்றாள், பிறகு உட்கார்ந்தாள், மழை விட்டும் எழுந்திருக்கவில்லை. அப்போது நான் கோயில் பள்ளிக்கூடத்தில் டீச்சர். பூ மாற்றப் போன என்னிடம் கேட்டாள்.

"இது சாமிதானேங்க? சாமி அழுவுமா?"

அழும் என்றேன். மாதா சாமி இல்லை, சாமியைப் பெற்றவள் என்று திருத்தியிருக்க வேண்டும். அப்பா இருந்திருந்தால் திருத்தியிருப்பார். அடுத்த நொடியே அவள் அழத் தொடங்கிவிட்டாள். அந்த அழுகையைப் பார்த்தபின் எனக்குத் திருத்துகிற மனம் வரவில்லை.

அவளுக்கு ஒரே மகள், செவந்தி. ஏழு வயதில் அம்மை போட்டு இறந்துபோனாள். மாரியம்மா எடுத்துக்கொண்ட பிள்ளைக்காக அழக்கூடாது, அழுதால் ஆத்தா கோபித்துக்கொள்வாள் என்று வீட்டில் சொல்லிவிட்டார்கள். கெட்ட எண்ணத்தில் சொன்னதல்ல. பிள்ளை சாமியிடம்தான் போயிருக்கிறது என்பது அவர்களுக்கு இருந்த ஒரே ஆறுதல். செவந்தியை வீட்டுச்சாமியாகவும் ஆக்கினார்கள். ஓர் ஓலைப்பெட்டியில் அவள் பாவாடை சட்டையும் கண்ணாடி வளையலும் இருந்தன. வருஷத்துக்கு ஒருமுறை படையல் போட்டு அந்தப் பெட்டியைக் கும்பிட்டார்கள். எல்லாம் செய்தார்கள், பெற்றவளை அழ மட்டும் விடவில்லை.

அதன்பிறகு ஞாயிறு தவறாமல் வந்தாள். புருஷன் பெரியண்ணன் விவசாயி, அதிகம் பேசாதவர். எந்தச் சாமியைக் கும்பிட்டாலும் சோறாக்க வந்துவிட வேண்டும் என்பதுதான் அவர் போட்ட ஒரே நிபந்தனை. ஞானஸ்நானம் வாங்க வேண்டும் என்று அவளாகவே கேட்டாள். அப்பா மகிழ்ச்சியோடு பாடம் தொடங்கினார். மடியில் கிடந்த அந்த மகன் மூன்றாம் நாள் உயிர்த்தெழுந்தார் என்றதும், "அந்த அம்மாகிட்ட யாருங்க மொதல்ல போயிச் சொன்னது?" என்று கேட்டாள். என் அப்பாவின் புத்தகத்தில் அந்தக் கேள்வியே இல்லை.

வம்பு வந்தது வேறொரு கேள்வியில். சாமி எத்தனை என்று அப்பா கேட்டார். ஒன்றுதான் என்றாள். சரியான பதில், அதோடு விட்டிருக்கலாம். பொய் சொல்லத் தெரியாத பெண், வீட்டில் ஒன்று இருக்கிறது என்று கூடவே சொல்லிவைத்தாள்.

எங்கள் பக்கத்தில் கடவுளும் சாமி, குருவானவரும் சாமி, தவழ்கிற பிள்ளையைக்கூட "வாடி எஞ்சாமி" என்றுதான் தூக்குவோம். இத்தனை சாமியைப் புழங்குகிறவளிடம் ஒன்று என்று சொல் என்றால் அவள் என்ன செய்வாள்? அப்பாவுக்கு அதெல்லாம் காதில் ஏறவில்லை. பெட்டியைக் கும்பிடுவதை விட்டால்தான் ஞானஸ்நானம் என்று சொல்லிவிட்டார்.

அவள் அதற்கு அழவில்லை. "விட்டுர்றேங்க. பெத்த பிள்ளைய நான் எதுக்குக் கும்புடணும்? அவ எங்கிட்டு இருக்கான்னு தெரிஞ்சாப் போதும். ஒங்க மோட்சத்துல எம்பிள்ள இருப்பாளா?"

அப்பா புத்தகத்தில் உள்ளதைச் சொன்னார். ஞானஸ்நானம் பெறாத பிள்ளைக்கு மோட்சம் இல்லை, ஆனால் துன்பமும் இல்லை, அதற்கென்று தனி இடம் இருக்கிறது என்றார். சின்னப்பிள்ளை சும்மாட்டைச் சுருட்டித் தலையில் வைத்தாள். கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். அன்றைக்கு நான் அப்பாவோடு சண்டை போட்டேன். செத்த பிள்ளைக்கு இடம் ஒதுக்க நீங்கள் என்ன தாசில்தாரா என்று கேட்டேன். நான் எழுதிய புத்தகமா அது என்று அவரும் கத்தினார். இனி அவள் வரமாட்டாள் என்றே நினைத்தேன்.

தவக்காலம் தொடங்கியபிறகு ஒரு நாள் வந்தாள். அப்பாவிடம் வரவில்லை, பூசை முடித்து வந்த பங்குச் சாமியாரிடம் நேரே போய் அதே கேள்வியைக் கேட்டாள். அப்பாவும் நானும் பக்கத்தில்தான் நின்றோம். சாமியார் நல்ல மனிதர். திருச்சபை தனக்குக் கற்றுக்கொடுத்ததைத் தாண்டித் தன்னால் சொல்ல முடியாது என்றும், ஆண்டவருடைய இரக்கத்துக்குத் தான் எல்லை போடவும் முடியாது என்றும் சொன்னார். தனக்குத் தெரியாது என்பதை ஒளிக்காமல் சொன்னார்.

அவள் கூடையைத் தரையில் இறக்கி வைத்தாள். பிறகு சொன்னாள்.

"அப்ப அவரத்தான் கேக்கணும். வெளிய நின்னு கேக்குறதவிட உள்ள வந்து கேக்குறேஞ் சாமி. அவரும் பிள்ளையப் பறிகொடுத்தவருதான. எம்பிள்ளைய வாசல்ல நிறுத்தி வைக்க மாட்டாரு."

அப்பா மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். வியர்வை என்றார். அந்த விசுவாசத்தை அவர் பாடத்தில் நாங்கள் யாரும் படித்ததில்லை.

உயிர்ப்புத் திருநாள் கழித்து அவளுக்கு ஞானஸ்நானம் ஆயிற்று. மரியம்மாள் என்று பெயர் வைத்தார்கள். மாரியம்மாளுக்கு ஒரு காலை எடுத்தால் மரியம்மாள் என்று நான் அவளைச் சீண்டினேன், அவளும் சிரித்தாள். ஊரில் கடைசிவரை சின்னப்பிள்ளைதான். ஓலைப்பெட்டி பெரியண்ணன் பொறுப்புக்குப் போயிற்று. அந்த வருஷப் படையலுக்கு அவரே பொங்கி, அடிப்பிடிக்கவிட்டு, தீய்ந்த சோற்றைப் படைத்தாராம். அவள் பக்கத்தில் உட்கார்ந்து விறகைத் தள்ளிக் கொடுத்தாளாம், கும்பிடவில்லையாம்.

நவம்பரில் கல்லறைத் திருநாள் வந்தது. செவந்தியைப் புதைத்தது அவர்கள் கொல்லை மூலையில். சாமியார் மந்திரித்த கல்லறை இல்லை. அப்பா ஏதாவது சொல்வார் என்று நான் சண்டைக்குத் தயாராக இருந்தேன். அவரோ இரண்டு மெழுகுதிரியை எடுத்து என் கையில் கொடுத்து, சின்னப்பிள்ளை வீட்டுக்குப் போய்வா என்றார்.

சாயங்காலம், ஐப்பசித் தூறல். திரியை ஏற்ற ஏற்ற அணைந்தது. வயலிலிருந்து வந்த பெரியண்ணன் எங்களைப் பார்த்தார். தலையில் போட்டிருந்த கோணிச்சாக்கைக் கழற்றி, திரிக்கு மேலே குடை மாதிரி பிடித்தார். தீ நின்று எரிந்தது. சின்னப்பிள்ளை முணுமுணுவென்று செபித்து முடிக்கும்வரை நனைந்துகொண்டே நின்றார்.

"ஒஞ்சாமி பதில் சொல்லிருச்சா?" என்று கேட்டார்.

"இன்னும் இல்லைங்க. கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்."

அவர் சாக்கை இன்னும் தாழ்த்திப் பிடித்தார்.

"இனிமே கேக்குறப்ப, அவ அப்பனுங் கேட்டான்னு சேத்துச் சொல்லு."

சொல்லிவிட்டு அழுதார். செவந்தி போனபிறகு அவரும் அன்றைக்குத்தான் அழுதார்.